இணைப்பு ஏழு

புதுதில்லி
14.1.2024

அன்பு அக்காவுக்கு,

செழியன் எழுதுகிறேன். பொங்கல் வாழ்த்து. நாளைக்கு நீங்கள் வாசலில் பானை வைக்கும்போது நான் இங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன். நிலவன் கரும்பு கேட்டு அழுதான். சிந்துஜா மூன்று மார்க்கெட் அலைந்து ஒரு துண்டு வாங்கி வந்தாள், சுண்டு விரல் தடிமன். மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னும் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறாரா? துர்காவுக்கு நர்சிங் படிப்பு எப்போது முடிகிறது?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது.

போன மாதம் புது வேலையில் சேர்ந்தேன். வேலை செய்கிற இடத்தில் ஜனங்கள் சாகாமல், கை கால் போகாமல், நோய் வராமல் இருக்க நாடு முழுமைக்கும் ஒரு பத்தாண்டுத் திட்டம் எழுதப் போகிறார்கள். அதை எழுதுகிற குழுவில் என்னையும் எடுத்திருக்கிறார்கள். ஒப்பந்த வேலைதான், வருடா வருடம் ஆகஸ்டில் புதுப்பிப்பார்கள். ஆனாலும் இந்த வேலைக்காகத்தான் படித்தேன் என்று தோன்றுகிறது. அப்பா மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று ஐம்பத்திரண்டு வயதில் போனார். ஆஸ்துமா என்று எழுதி மூடினார்கள். அவர் சாவு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

என் மேஜையில் இருக்கிற அறிக்கைகள் எல்லாம் முதலாளிகள் எழுதியவை, இல்லாவிட்டால் அதிகாரிகள் எழுதியவை. மிஷின் முன்னால் நிற்கிற ஒருவர் எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. பதினாலு வருடமாகப் பிரஸ் ஓட்டுகிற அக்கா எனக்கு இருக்கிறாள். உங்கள் கம்பெனியில் என்ன நடக்கிறது என்று உள்ளபடி எனக்கு எழுது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுவாய். எழுத உட்கார்ந்தால் மறைக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

உன் தம்பி,
செழியன்


கதிர்காமம்
புதுச்சேரி
4.2.2024

அன்புள்ள செழியா,

உன் லெட்டரைத் தபால்காரர் கொடுத்ததும் உங்க மாமா பயந்துட்டாரு. டெல்லியிலருந்து தபால் வந்தா கோர்ட்டு நோட்டீசுன்னு நெனச்சுக்கிட்டாராம். இங்க எல்லாரும் சௌக்கியம். துர்காவுக்கு இன்னும் ஆறு மாசம். நான் வூட்ல கத்திக் கத்திப் பேசுறேன்னு அவ சண்டை போடுறா. அந்தச் சத்தத்துல பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா மெதுவாப் பேசுறது எப்படின்னு மறந்து போவுது.

நீ கேட்டியே, எழுதுறேன். ஆனா பேரு எதுவும் வெளிய வரக் கூடாது. எனக்கு இந்த வேலை வேணும்.

எங்க ஷெட்டுல ஒம்போது பிரஸ். தகட்டை உள்ள வெச்சா மேலருந்து டை, அதாவது வெட்டுற அச்சு, இறங்கி ஒரே அடியில மூடியா வெட்டித் தள்ளும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பச்சைப் பட்டன் இருக்கு, இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் டை இறங்கணும். எதுக்குன்னா, ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள கை இருக்காது. மிஷின் செஞ்சவன் புத்திசாலி.

எங்க சூப்பர்வைசர் சுப்பிரமணியன் அவனை விடப் புத்திசாலி. காலைல வந்ததும் இடது பட்டனை அமுக்கி, அட்டையை மடிச்சுச் சொருகி, மேல டேப் சுத்திடுவாரு. அப்பறம் ஒரு கையால தகடு வெச்சுக்கிட்டே ஒரு கையால அமுக்கலாம். மணிக்கு நானூறு ஓடறது அறுநூறு ஓடும். அறுநூறு ஓடலன்னா மறுநாள் கேட்டுக்கு வெளிய நிக்கணும். நாங்க முப்பத்தோரு பொம்பளைங்களும் காண்ட்ராக்ட்டு, கேக்க நாதி கெடையாது. எட்டு மணி நேர வேலை கேட்டுக் குண்டடிபட்டுச் செத்தவங்களுக்கு வருஷா வருஷம் ஜூலை முப்பதாந் தேதி மாலை போடுற ஊரு இது. நாங்க காலைல ஏழரைக்குப் போனா ஏழரைக்கு வெளிய வர்றோம்.

இன்ஸ்பெக்ஷன் வர்றது ரெண்டு நாளைக்கு முன்னாலயே தெரிஞ்சிடும். அன்னைக்கு டேப்பைப் பிரிப்பாங்க. புதுக் கையுறை கொடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. சாயந்திரம் கையுறையை எண்ணி வாங்கிப் பெட்டியில வெச்சிடுவாங்க. ஒரு தடவை அன்னக்கிளி கையுறையைக் கழட்டாம, "புது வளையல் போட்ட மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கறேன் சார்"னா. ஷெட்டே சிரிச்சுது. அவ நாலாம் நம்பர் பிரஸ், நான் அஞ்சு. வைத்திக்குப்பத்துக்கு வாக்கப்பட்டவ, புருஷன் கடலுக்குப் போறவரு. அவ இல்லன்னா அந்த இடத்துல எனக்கு நேரம் போவாது. மூணாம் நம்பர்ல சின்னப்பாப்பான்னு ஒருத்தி, அவ வாயைத் தொறந்து நான் பாத்ததே இல்ல.

இவ்ளோதாண்டா. ஷிப்ட் நோட்டு எழுதுறதும் நான்தான், கையெழுத்து நல்லா இருக்குன்னு. அதுல "விபத்து" கட்டத்துல தெனமும் "இல்லை"ன்னு எழுதணும். காலைல வேலை ஆரம்பிக்கும்போதே எழுதச் சொல்லுவாங்க.

நிலவனுக்கு முத்தம். சிந்துஜாவைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா,
தனக்கொடி


புதுதில்லி
26.2.2024

அன்பு அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். "காலையிலேயே இல்லை என்று எழுதச் சொல்லுவாங்க" என்ற இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் எங்கள் தலைமை மேடத்துக்கு வரிக்கு வரி ஹிந்தியில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாற்பது பக்க அறிக்கையில் இல்லாதது இந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது" என்றார்.

திட்ட வரைவில் இணைப்பு ஏழாக உன் கடிதம் வருகிறது. பெயர், ஊர் எல்லாவற்றையும் கறுப்பு மையால் நானே அடித்துவிட்டேன். தட்டச்சு செய்யலாம் என்றேன். மேடம் வேண்டாம் என்றார். கையெழுத்துப் பிரதியாக இருந்தால்தான் படிப்பவர் மனதில் தைக்கும், ஜெராக்ஸை அப்படியே வைத்து, கீழே மொழிபெயர்ப்பைப் போடலாம் என்றார். உன் கையெழுத்து அழகு என்று தமிழ் தெரியாதவர்களே சொன்னார்கள்.

இயந்திரப் பாதுகாப்பு அத்தியாயத்தை எழுதுவது நான். இரட்டைப் பட்டனை அடைப்பது தண்டனைக்குரிய குற்றம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேரும் விபத்தும் தொழிற்சாலையின் கணக்கில்தான் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பத்து வருடத்தில் விபத்துகளைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. இது மட்டும் நடந்துவிட்டால் போதும் அக்கா, நான் பிறந்ததற்கு அர்த்தம் வந்துவிடும்.

அன்னக்கிளி அக்காவின் வளையல் பேச்சையும் விடவில்லை. அது இருக்கட்டும் என்று மேடமே சொல்லிவிட்டார்.

உன்,
செழியன்


கதிர்காமம்
11.4.2024

செழியா,

நலம் விசாரிக்க முடியல. நேத்து நடந்ததை எழுதுறேன்.

காலைல பதினோரு மணி இருக்கும். அன்னக்கிளி என்கிட்ட, "காலைல படகுல நல்ல நெத்திலி வந்துச்சுக்கா, உனக்கும் சேர்த்து வாங்கி வெச்சிருக்கேன், சாயந்திரம் வந்து எடுத்துட்டுப் போ"ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் தலையை ஆட்டினேன். அடுத்த அடி சத்தம் வேற மாதிரி கேட்டுது. பதினாலு வருஷமாக் கேக்குற சத்தம், மாறினா தெரிஞ்சிடும்.

திரும்பினா அவ இடது கையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னா. மூணு வெரலு இல்ல. அழுவல. என்னையே பாத்து, "அக்கா, என் வெரலு எங்க?"ன்னு கேட்டா. எதையோ வெச்ச எடத்தை மறந்துட்ட மாதிரி.

என் முந்தானையைக் கிழிச்சுக் கட்டினேன். சுப்பிரமணியன் ஓடி வந்தாரு. வந்ததும் முதல்ல என்ன பண்ணாரு தெரியுமா? நாலாம் நம்பர் பட்டன்ல இருந்த டேப்பைப் பிரிச்சு, அட்டையைப் புடுங்கி பேண்ட் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு. அப்பறந்தான் வண்டிக்குப் போன் பண்ணாரு. நான் பாத்தேன். சின்னப்பாப்பாவும் பாத்தா. உடனே குனிஞ்சு வேலையைப் பாக்க ஆரம்பிச்சிட்டா.

வண்டியில நானும் ஏறினேன். வழியெல்லாம் சுப்பிரமணியன் அவளுக்குப் பாடம் எடுத்தாரு.

"வூட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லும்மா. கம்பெனின்னு சொன்னா போலீஸ் கேஸு, வைத்தியம் பாக்கவே லேட்டாக்குவாங்க."

"சார், என் வூட்ல கிரைண்டரே இல்ல சார்"னா அவ.

அந்த நேரத்துலயும் அவளுக்கு அதுதான் தோணுச்சு. அவர் கூட்டிட்டுப் போன சின்ன நர்சிங் ஹோமுல கிரைண்டர்னுதான் எழுதினாங்க, அவரே சொல்லி எழுத வெச்சாரு. அங்க கட்டுதான் போட முடிஞ்சுது. அப்பறம் அவ புருஷன் வந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாரு. அங்க டாக்டருங்க நல்லாப் பாத்தாங்க. ஆனா வெரலு வேணும்னாங்க. வெரலு ஷெட்டுலயே இருந்துச்சு. நான் ஆட்டோ புடிச்சுத் திரும்பிப் போனேன். அதுக்குள்ள மிஷினைத் தண்ணி ஊத்திக் கழுவி, வேற ஒருத்தியை நிக்க வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.

ஷிப்ட் நோட்டுல "விபத்து: இல்லை"ன்னு நான்தான் காலைல எழுதி வெச்சிருந்தேன். அது அப்படியே இருக்கு.

அவளுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு கெடையாது. பதிவே பண்ணல. கேட்டா, "அப்படி ஒரு ஆளு எங்ககிட்ட வேலையே செய்யல"ன்னு சொல்லுவாங்க போல இருக்கு. நீ டெல்லியில பெரிய எடத்துல இருக்க. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லு. இன்னைக்கே சொல்லு.

அக்கா


புதுதில்லி
6.5.2024

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வரைவு இறுதிக் கட்டத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். அன்னக்கிளி அக்காவை நினைத்து மனசு ஆறவே இல்லை.

மேடத்திடம் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். ஆனால் எங்கள் குழு கொள்கை அளவில் மட்டுமே வேலை செய்கிறது, தனிப்பட்ட ஒரு நிகழ்வில் தலையிட்டால் திட்டத்தின் நடுநிலை கேள்விக்குள்ளாகும் என்றார். நீங்கள் உள்ளூரில் முறைப்படி புகார் கொடுப்பதுதான் சரி. இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடலாம். நல்ல வக்கீலாகப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த நிகழ்வைத் திட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன். மிஷினின் வகை, வயது, அவர் எத்தனை வருட அனுபவம், எத்தனையாவது மணி நேர வேலையில் நடந்தது என்ற விவரங்களை அனுப்ப முடியுமா? கையின் புகைப்படம் இருந்தாலும் பயன்படும்.

"தண்டனைக்குரிய குற்றம்" என்று நான் எழுதியது இப்போது "கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்" என்று ஆகியிருக்கிறது. பரவாயில்லை, சாரம் அப்படியே இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கம்.

செழியன்


கதிர்காமம்
3.6.2024

செழியனுக்கு,

போட்டோ கேட்டிருந்தியே. அவகிட்ட போய் "கையைக் காட்டு, டெல்லிக்கு அனுப்பணும்"னு கேக்க எனக்கு வாய் வரல. அதனால அனுப்பல.

இப்ப நான் சொல்றதை நிதானமாப் படி.

போன வியாழக்கிழமை மேனேஜர் ரூமுக்குக் கூப்புட்டாரு. பதினாலு வருஷத்துல நான் அந்த ரூமுக்குள்ள போனதில்ல. ஏ.சி. ஓடுது. மேஜை மேல ரெண்டு பேப்பர் வெச்சிருந்தாரு. ஒண்ணு எங்க ஷிப்ட் நோட்டுப் பக்கம். இன்னொண்ணு நான் உனக்கு எழுதின லெட்டர்.

பேரை எல்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்க. ஒரு எழுத்து தெரியல. ஆனா அவர் ஒரு வார்த்தையும் படிக்கல. ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல நகர்த்தி வெச்சு, "இந்த 'ழ'வும் அந்த 'ழ'வும் ஒண்ணுதானேம்மா?"ன்னு கேட்டாரு. அவ்ளோ சாந்தமாக் கேட்டாரு செழியா.

"கம்பெனி விஷயத்தைக் கடல் தாண்டிப் போட்டாலும் எங்க கைக்கு வந்துரும். நாளையிலருந்து வர வேணாம்"னாரு. கேட்டுல என் டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க. உள்ள இருந்த பொம்பளைங்க யாரும் தலை நிமுரல. சின்னப்பாப்பா என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. என்னால எல்லார் போனையும் பறிச்சு வெச்சுட்டாங்களாம்.

அந்த லெட்டர் அவங்க மேஜைக்கு எப்படி வந்துச்சுன்னு நீதான் சொல்லணும்.

அன்னக்கிளி கேஸு போட்டிருக்கா. நிர்மலாதேவின்னு ஒரு வக்கீலம்மா எடுத்து நடத்துறாங்க. கம்பெனி தரப்புல, "அந்தப் பொம்பளையே பட்டனை அடைச்சுட்டு ஓட்டினா, பாதுகாப்பை வேணும்னே கெடுத்தவளுக்கு இழப்பீடு கெடையாது"ன்னு பதில் போட்டிருக்காங்க. சட்டத்துல அப்படி ஒரு எடம் இருக்காம். வக்கீலம்மா என்னைக் கேட்டாங்க, "சூப்பர்வைசர்தான் அடைச்சாருன்னு விபத்துக்கு முன்னாலயே யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"ன்னு.

எழுதி வெச்சிருக்கேன். பிப்ரவரி நாலாந் தேதி போட்டு, உனக்கு. ஜெராக்ஸ் செல்லாதாம், அதுவும் பேரு அடிச்சது. அசலு வேணுமாம், தபால் முத்திரை போட்ட கவரோட.

அதை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி வை. வேற எதுவும் நீ பண்ண வேணாம்.

தனக்கொடி


புதுதில்லி
27.6.2024

அன்பு அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு வாரம் கழித்துவிட்டேன். வரைவு அறிக்கை, முறைப்படி, குழுவின் எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றுக்கு விடப்பட்டது. அதில் தொழில் துறையின் பிரதிநிதிகளும் உண்டு. யாரோ ஒருவர் தங்கள் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தவறு என்னுடையது. உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அசல் கடிதம் இப்போது கோப்பில் இருக்கிறது. கோப்பு அலுவலகச் சொத்து. நானே அதை எடுத்து அனுப்பினால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

இப்போது இங்கே நிலைமை மோசமாக இருக்கிறது. இணைப்பு ஏழு உண்மையல்ல, ஒரு தொழிலைக் கெடுக்க எழுதப்பட்டது என்று தொழில் துறையினர் எதிர்ப்புக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதை எழுதியவர் என் சொந்த அக்கா என்பது வெளியே வந்தால், சொந்தக்காரரை வைத்து ஆதாரம் தயாரித்தேன் என்பார்கள். திட்டம் முழுவதுமே நின்றுபோகும். ஆகஸ்டில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். நிலவனை இந்த வருடம்தான் பள்ளியில் சேர்த்திருக்கிறோம்.

ஒரு வழி இருக்கிறது அக்கா. கீழே இருப்பதை உன் கையால் எழுதிக் கையொப்பம் போட்டு அனுப்பு. ஒரு பக்கம்தான்.

"நான் பிப்ரவரி மாதம் எழுதிய கடிதத்தில் கண்டவை பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் செய்திகளே. அவற்றுக்கு என்னிடம் நேரடி ஆதாரம் ஏதுமில்லை. இப்படிக்கு, ரா. தனக்கொடி."

இதனால் உனக்கும் நல்லது நடக்க வாய்ப்பிருக்கிறது. யோசித்துப் பார்.

உன் தம்பி,
செழியன்


கதிர்காமம்
15.7.2024

செழியனுக்கு,

உன் லெட்டர் வந்த மூணாம் நாளு சுப்பிரமணியன் எங்க வூட்டுக்கு வந்தாரு. பழம், பூவு எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. உங்க மாமா நாற்காலி போட்டாரு, வேற என்ன பண்ணுவாரு. டைப் அடிச்ச ஒரு பேப்பரை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா, திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடலாம். பிரஸ்ல நிக்க வேணாம், பேக்கிங்ல உக்காந்துக்கிட்டே பாக்குற வேலை"ன்னாரு.

வாங்கிப் படிச்சேன். "பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் செய்திகளே. அவற்றுக்கு என்னிடம் நேரடி ஆதாரம் ஏதுமில்லை."

உள்ள போயி உன் லெட்டரை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சுப் பாத்தேன். எனக்கு இப்ப அது நல்லாப் பழகிடுச்சு, ரெண்டு பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறது. ஒரு எழுத்து மாறல. சரி, அவங்க எழுதி உனக்கு அனுப்பியிருப்பாங்க, பாவம் என் தம்பி பயந்துட்டான்னுதான் முதல்ல நெனச்சேன்.

அப்பறம் அவர் பேப்பர்ல கடைசி வரியப் பாத்தேன். "ரா. தனக்கொடி." கம்பெனியில எனக்கு அந்தப் பேரு கெடையாது. ஹரிகிருஷ்ணன் பொண்டாட்டியாத்தான் சேர்ந்தேன், பதினாலு வருஷமும் எல்லா ரிக்கார்டுலயும் ஹ. தனக்கொடிதான். ராமலிங்கம் பொண்ணுன்னு என்னை எழுதுறவன் நீ ஒருத்தன்தான்.

அதை நீதான் எழுதி அவங்களுக்குக் கொடுத்திருக்க.

சுப்பிரமணியன் பேனாவைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. உங்க மாமா ஒரே வார்த்தைதான் கேட்டாரு: "நீ கண்ணால பாத்தியா இல்லியா?" பாத்தேன்னேன். "அப்ப அவரை அனுப்பிடு"ன்னாரு. பழத்தையும் பூவையும் அவர் கையிலயே கொடுத்து அனுப்பிட்டோம்.

நீ எழுதினியா இல்லியா? அதை மட்டும் சொல்லு.

தனக்கொடி


புதுதில்லி
9.8.2024

அக்கா,

ஆமாம். நான்தான் எழுதினேன்.

குழுவில் இருக்கிற தொழில் துறை உறுப்பினர் ஒருவர் என்னைத் தேநீருக்கு அழைத்தார். மிரட்டவில்லை. "உங்கள் அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், உங்கள் அத்தியாயமும் நிற்கும், யாருக்கும் நஷ்டமில்லை" என்றார். அவர் எதிரில் உட்கார்ந்தே அந்த இரண்டு வரியை எழுதினேன். எல்லோரையும் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். இந்தத் திட்டம் வந்தால் கோடிக்கணக்கான பேருக்கு நல்லது அக்கா. ஒரு வழக்குக்காக அது நின்றுவிடக் கூடாது. நீ கோபம் தணிந்து யோசித்தால் உனக்கும் புரியும்.

ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள்.

செழியன்


கதிர்காமம்
புதுச்சேரி
2.3.2025

திரு. இளஞ்செழியன் அவர்களுக்கு,

ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு எழுதி. நீங்க அனுப்பின புஸ்தகம் வந்துச்சு. வழவழன்னு நல்ல பேப்பர். அட்டையில ஒரு பொம்பளை தலையில ஹெல்மெட் போட்டுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இங்கிலீஷ்ல இருக்கறதால துர்கா எனக்குப் படிச்சுச் சொன்னா. மிஷின் அத்தியாயத்துல "பாதுகாப்பு அமைப்புகளை முடக்காமலிருக்க நிறுவனங்கள் ஊக்குவிக்கப்படும்"னு இருக்கு. ஊக்குவிக்கறதுன்னா என்னன்னு கேட்டேன். முதுகைத் தட்டிக் கொடுக்கறதுன்னா. பின்னால பாத்தா இணைப்பு ஆறுக்கு அப்பறம் எட்டு வருது. ஏழை எடுத்துட்டு நம்பரை மாத்த மறந்துட்டீங்க போல இருக்கு.

கேஸு முடிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதனால எழுதுறேன்.

அசலு லெட்டரைக் கேட்டு வக்கீலம்மா போட்ட மனுவுக்கு, தேடியும் கெடைக்கலன்னு உங்க ஆபீஸ்லருந்து பதில் வந்துச்சு. அப்பறந்தான் உங்களையே சாட்சியாக் கூப்புட்டாங்க. நீங்க டெல்லி வூட்லருந்தே டி.வி. பொட்டியில வந்தீங்க. நான் பின் பெஞ்சுல அன்னக்கிளி பக்கத்துல உக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ, கேமரா முன்னாடி ஆளைத்தான் காட்டும்ங்கறாங்க. எளைச்சுப் போயிருந்தீங்க. முன் தலையில நரை வந்திருக்கு. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உங்க மேல கோவம் இருந்தது நிஜம், ஆனா முகத்தைப் பாத்ததும், சாப்புடுறானா இல்லியான்னுதான் நெனச்சேன்.

கம்பெனி வக்கீல் கேட்டாரு, "அந்தக் கடிதத்தில் இருப்பது உண்மை என்று உங்களுக்குத் தெரியுமா?" தெரியாதுன்னு சொன்னீங்க. சரி, நீங்க ஷெட்டுக்கு வந்ததில்ல, அது நியாயந்தான். அப்பறம் கேட்டாரு, "எழுதிய தனக்கொடி உங்களுக்கு என்ன வேண்டும்?"

நீங்க மேஜையைப் பாத்தபடியே இருந்தீங்க. பொட்டிதான் நின்னு போச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க. அப்பறம் சொன்னீங்க:

"தூரத்து உறவு."

அன்னக்கிளி என் கையைப் புடிச்சா. ரெண்டு வெரலு இருக்கற கையால.

நான் எழுந்து நின்னு "பொய்"னு சொல்லியிருக்கலாம். ரேஷன் கார்டு, அப்பாவோட மில்லு கார்டு எல்லாம் பையில இருந்துச்சு. வக்கீலம்மாவும் திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் தலையை ஆட்டினேன், வேணாம்னு. சொன்னா உங்க வேலை போயிடும். அந்தப் பொட்டிக்குள்ள உங்களுக்குப் பின்னால நிலவன் பள்ளிக்கூடப் பையி ஆணியில தொங்கினதைப் பாத்தேன்.

அன்னைக்குக் கேஸு போச்சுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். அடுத்த வாய்தாவுக்கு நாங்க வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தப்ப சின்னப்பாப்பா வந்துச்சு. தனியா வரல, கூட இன்னும் நாலு பேரு. அஞ்சு பேரும் ஒரு நாள் லீவு சொல்லாமப் போட்டுட்டு வந்திருந்தாங்க, திரும்பிப் போனா வேலை இருக்காதுன்னு தெரிஞ்சே. ஏண்டி வந்தன்னு கேட்டேன். அது என்னைப் பாத்துச் சொல்லல, தரையைப் பாத்துச் சொல்லிச்சு: "இப்ப நாலாம் நம்பர்ல என்னை நிக்க வெச்சிருக்காங்கக்கா."

உள்ள போயி அது பேசினதை நீங்க கேட்டிருக்கணும். டேப் எந்தக் கடையில வாங்குறாங்கங்கறது வரைக்கும் சொல்லிச்சு. அட்டையைப் புடுங்கி எந்தப் பக்கத்துப் பாக்கெட்டுல வெச்சாருன்னு கேட்டாங்க. "வலது"ன்னுச்சு. நானும் முன்னால வலதுன்னுதான் சொல்லியிருந்தேன். கம்பெனி வக்கீல் அதுக்கப்பறம் எதுவும் கேக்கல.

போன மாசம் உத்தரவு வந்துச்சு. அது வேலையிடத்து விபத்துதான், பட்டனை அடைச்சது கம்பெனிதான்னு எழுதியிருக்காங்க. கம்பெனி மேல் கோர்ட்டுக்குப் போறாங்களாம். போவட்டும். அஞ்சு பேருக்கும் வேலை போச்சு. அன்னக்கிளி வைத்திக்குப்பத்துல மீன் வெட்டக் கத்துக்கிட்டு இருக்கா. அருவாமனையில முதல் நாலு நாளு மீனைப் புடிக்கவே முடியாம அழுதா. இப்ப வழுக்கி வழுக்கிப் புடிக்கிறா. நான் ஒரு பள்ளிக்கூடத்துல சமையலுக்குச் சேர்ந்துட்டேன். அங்க சத்தமில்ல. அப்படியும் நான் கத்தித்தான் பேசுறேன்.

உங்க திட்டம் நல்லதாவே இருக்கட்டும். அதைப் படிச்சு யாருக்காவது ஒரு வெரலு தப்பிச்சா எனக்கும் சந்தோசம். ஆனா அஞ்சு பொம்பளைங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து நின்னதுக்கு அந்தப் புஸ்தகத்துல எந்த அத்தியாயம்னு துர்காவைத் தேடச் சொன்னேன். இல்லன்னா.

துர்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பையன் அவகூட வேலை செய்யிற நர்சுதான், ஹரிதாஸ்னு பேரு, தங்கமான குணம். வைகாசியில வெச்சிருக்கோம். நெருங்கின சொந்தத்துக்கெல்லாம் நாங்க தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போய்த்தான் சொல்றோம். தாய்மாமன் வூட்டுக்கு முதல்ல போவணும்பாங்க. உங்க மாமா டெல்லிக்கு ரயில் எதுன்னு விசாரிச்சுக்கிட்டு வந்தாரு. நான் வேணாம்னுட்டேன்.

உங்களுக்குப் பத்திரிகை தபால்ல வரும்.

இப்படிக்கு,
தனக்கொடி